வலக்கைக்கு அரை அங்குலம்: கண்டித் துணியும் பெண்ணுடம்பும்

கண்டி மஹய்யாவவில் எங்கள் வீட்டுக்கு நாலு படி கீழே ஓர் அக்கா ரவிக்கை தைக்கிறார். பல வருசம் கார்மன்ட் என்று நாங்கள் சொல்லும் ஆடைத் தொழிற்சாலையில் ஜூக்கித் தையல் மிசினில் இருந்துவிட்டு, முழங்கால் நோவு வந்ததும் வீட்டிலேயே தைக்கத் தொடங்கியவர். தைப்பொங்கலுக்கு ரவிக்கை கொடுக்கப் போனபோது அவருடைய அளவுக் கொப்பி மேசையில் விரித்துக் கிடந்தது. சதுரக்கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. பெயர், தோள், மார்பு, இடுப்பு, கைச்சுற்று என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார். பல பெயர்களுக்கு நேரே கைச்சுற்று மட்டும் இரண்டு எண்ணாக இருந்தது. வலது 12½, இடது 12.

"ஏன்க்கா ரெண்டு அளவு?"

"அவங்க ரோட்டு கூட்டுறவங்க தங்கச்சி. வெளக்குமாறு பிடிக்கிற கை பெருத்துப்போகும். ரெண்டு கைக்கும் ஒரே மாதிரி வெட்டினா வலக்கை இறுக்கும். அரை இஞ்சி கூட வைக்கணும்."

"கார்மன்ட்ல இப்படிப் பார்ப்பாங்களா?"

"அங்க பொம்மைக்குத்தானே தைக்கிறது. அந்தப் பொம்மைக்குக் கையே இல்ல."

பெண்மை என்றால் என்ன, பெண்ணின் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விகளைத் துணியையும் நூலையும் கொண்டே கேட்கும் கலை உலகெங்கும் அரை நூற்றாண்டாக வளர்ந்து வருகிறது. கண்டி நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் வைத்து அந்தக் கேள்வியை முழுவதுமாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அந்தக் கொப்பியிலிருந்துதான் வந்தது. பார்த்தவரையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் பெண் உடுத்தும் துணியின் நீளத்தையும் அகலத்தையும் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் அதைத் தைத்தவர்களும் இல்லை, உடுத்தியவர்களும் இல்லை. தைக்கிறவள் தன் கையால் அளவெடுக்கத் தொடங்கும் இடத்தில்தான் துணி கலையாகிறது.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் தன் நூலை வெளியிட்டார். யார் எவ்வளவு துணி உடுத்தலாம் என்பது சாதிக்குச் சாதி வகுக்கப்பட்டிருந்ததை அதில் விவரமாக எழுதியிருக்கிறார். தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டோரின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. எல்லோருக்கும் கீழே வைக்கப்பட்ட ரொடியாப் பெண்களுக்கு மேலுடம்பை மறைக்கும் உரிமையே இருக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் இதே உரிமைக்காகப் பல்லாண்டு அடிபட்ட பிறகு 1859இல்தான் அரச அறிவிப்பு வந்தது. தோள்சீலைக் கலகம் என்று நாம் படிக்கும் அந்தப் போராட்டத்துக்குக் கண்டியில் ஒரு மௌனமான உடன்பிறப்பு இருந்தது என்பதை நம் எழுத்தாளர்கள் அதிகம் பேசியதில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பௌத்தப் பெண்தெய்வமான தாராவின் சிலை. கண்டி பிரித்தானியரிடம் வீழ்ந்தபோது ஆளுநராக இருந்த பிரவுண்ரிக் இலங்கையிலிருந்து கொண்டுபோய், 1830இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை அது. மேலுடம்பில் துணி இல்லை. இடுப்புக்குக் கீழே ஒட்டிய மெல்லிய ஆடையைச் சிற்பி சில கோடுகளில் காட்டிவிட்டார். தெய்வத்தின் மார்பு திறந்திருந்தால் அது அழகும் அருளும். ரொடியாப் பெண்ணின் மார்பு திறந்திருந்தால் அது இழிவு. உடம்பு ஒன்றுதான், அதற்கு விலை வைக்கிறவர்கள்தான் வேறு. பெண்ணுடம்பின் இலட்சியம் என்று எதையாவது யாராவது சொல்லும்போது இந்த இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த விலையைப் புகைப்படக்காரர்கள் வைக்கத் தொடங்கினார்கள். கண்டியில் ஸ்கோவன் புகைப்பட நிலையம் 1870களிலிருந்து இயங்கியது. 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் தபால் அட்டைகளை ஆயிரக்கணக்கில் அச்சிட்டது. ரொடியாப் பெண்களை மேலுடம்பு தெரிய நிற்க வைத்து எடுத்த படங்கள் கப்பலில் வருகிறவர்களுக்கு விற்பனையாயின. பக்கத்திலேயே இன்னொரு வகை அட்டையும் விற்றது. மூக்குத்தி, காதோலை, கழுத்து நிறைய மணியுடன் புன்னகைக்கும் தமிழ்க் கொழுந்துக்காரி, தேயிலை கிள்ளும் தோட்டத்துப் பெண். மழையில் நனைந்து, அட்டைப்பூச்சி கடித்து, பெரட்டு என்னும் காலை ஆள்கணக்குக்கு விடியுமுன் ஓடுகிற பெண்ணை அந்தப் படங்களில் தேட வேண்டியதில்லை. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெரும் புகைப்படக் கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். தோட்டத்தில் வேலை செய்த தமிழ்ப் பெண்களை அவரும் படம் எடுத்தார். அந்தப் படங்களில் கண்ணியம் உண்டு. ஆனாலும் சேலை மடிப்பு எப்படி விழ வேண்டும் என்று முடிவு செய்தது அவர்தான்.

இந்தப் படங்களுக்கு மிகச் சரியான பதிலைச் சொன்னவர் அனோலி பெரேரா. 1962இல் பிறந்த இவர் 2000இல் தொடங்கிய தீர்த்த கலைஞர் கூட்டமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். 2010, 2011 ஆண்டுகளில் அவர் செய்த படத்தொடரில், பழைய நிலையப் படங்களைப் போலவே பெண்கள் கம்பீரமாக அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் முகம் முழுவதையும் அவிழ்த்துவிட்ட கூந்தல் மூடியிருக்கிறது. பார்க்க வந்தவனுக்குப் பார்க்க எதுவும் இல்லை. பின்னல் வேலை, லேஸ், துணி ஆகியவற்றைக் கொண்டு சாப்பாட்டு மேசையையே சிலந்தி வலைபோல மூடிய நிறுவல் ஒன்றையும் அவர் செய்திருக்கிறார். வீட்டுப் பெண்ணின் பொறுமைக்கு அடையாளமாகப் பாராட்டப்படும் கைவேலையே அவளைக் கட்டிப்போடும் வலையாகவும் ஆகலாம் என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய வேலை இலங்கையில் இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

அடுத்து வந்தவர்கள் சீர்திருத்தக்காரர்கள். பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபால 1898இல் சிங்களக் குடும்பத்தவருக்கு எழுதிய நடத்தைக் கையேட்டில் பெண்களுக்கென்று தனி விதிகள் உண்டு. கவுனும் தொப்பியும் வேண்டாம், உடம்பை முழுதும் மறைக்கும் சேலையே தகும் என்பது அவர் கட்சி. கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1905இல் கண்டியில் ஒரு சிறு வெளியீடு அச்சிட்டு, ஐரோப்பிய உடைக்கு மாறுகிறவர்களை இரவல் இறகு சூடியவர்கள் என்று கடிந்துகொண்டார். அவர்கள் எதிர்த்த காலனிய அவமானம் உண்மையானது. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. இருந்தாலும் ஒன்று நடந்துபோயிற்று. மலைநாட்டுப் பிரபுக் குடும்பங்களின் உடையாக இருந்த ஒசரி, இடுப்பைச் சுற்றி விசிறி மடிப்பு விழும் கண்டிச் சேலை, ஒரு முழு இனத்துப் பெண்மையின் அடையாளமாக உயர்த்தப்பட்டது. ஆண்கள் காற்சட்டைக்கு மாறிக்கொண்டே இருக்க, பண்பாட்டைச் சுமக்கும் பொறுப்பு பெண்ணின் இடுப்பு மடிப்புக்கு வந்து சேர்ந்தது. தமிழர் பக்கத்திலும் கதை வேறில்லை. நம் வீட்டுத் திருமணங்களில் யார் வேட்டி கட்டவில்லை என்று எவரும் கணக்கெடுப்பதில்லை.

அந்தப் பொறுப்பு இன்றும் இறங்கவில்லை. 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சேலை அல்லாத எளிய உடையில் பாடசாலைக்குப் போனபோது நாடே பிளவுபட்டு விவாதித்தது. பஸ் கட்டணமும் சேலை விலையும் ஏறிய பொருளாதார நெருக்கடி ஆண்டு அது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முகத்தை மூடும் உடைக்குத் தடை வந்தபோது, முஸ்லிம்கள் நிறைந்த இந்த நகரத்தில் தலையை மட்டும் மூடியிருந்த பெண்களும் தெருவில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. கூடுதலாக மூடினாலும் குற்றம், குறைவாக மூடினாலும் குற்றம். இதற்குள் நின்றுதான் நம் பெண்கள் துணியைக் கையில் எடுக்கிறார்கள்.

குமாரசுவாமியைப் பற்றிச் சொன்னதால் அவர் மனைவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எதல் பார்ட்ரிட்ஜ் 1903இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். கண்டிப் பகுதிக் கிராமங்களில் பூத்தையலையும் நெசவையும் கவனித்துக் குறிப்பெடுத்தார், படம் பிடித்தார். 1908இல் 425 பிரதிகள் மட்டும் அச்சான இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அந்த உழைப்பு சேர்ந்திருக்கிறது. நூலாசிரியர் பெயர் கணவருடையது. பின்னாளில் எதல் மைரெட் என்ற பெயரில் இங்கிலாந்தின் டிச்லிங் கிராமத்தில் நெசவுக்கூடம் அமைத்து, இயற்கைச் சாயங்களைப் பற்றி 1916இல் நூல் எழுதி, இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கைநெசவின் தாய் என்று சொல்லத்தக்க இடத்தைப் பெற்றார். அந்த வாழ்க்கையின் முதல் பாடங்களில் சில கண்டிக் கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொடுத்தவை. சிவப்பும் நீலமுமான நூலில் சங்கிலித் தையல் போட்டு, நடுவில் தாமரை விரிந்த வெற்றிலைப் பைகள் அவர்கள் கைவேலை. அந்தப் பைகள் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. தைத்தவளின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை.

பூத்தையலையும் பெண்மையையும் இப்படிச் சேர்த்துக் கட்டியது எப்படி என்று ஆராய்ந்து ரோசிக்கா பார்க்கர் 1984இல் எழுதிய ஆங்கில நூல் இத்துறையில் வழிகாட்டியானது. ஊசிவேலை ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஆணும் பெண்ணும் செய்த தொழில். பிறகு பெண்ணைப் பணிவாக உட்கார வைக்கும் பயிற்சியானது. அதே ஊசியால் பெண்கள் எதிர்ப்பும் தைத்தார்கள் என்பது அவர் வாதம். அமெரிக்காவில் ஜூடி சிகாகோ பலருடைய உழைப்புடன் 1974 முதல் 1979 வரை செய்த விருந்து மேசை 39 பெண்களுக்கு இடம் போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் பூத்தையல் விரிப்பு விரித்தது. மேலும் 999 பெயர்களைத் தரையில் எழுதியது. கெய்ரோவில் பிறந்த காதா அமர், ஆண்களுக்கான இதழ்களில் வரும் பெண்ணுருவங்களையே நூலால் தைத்து, நூல் முனைகளை வெட்டாமல் தொங்கவிட்டு, பார்வை சிக்கிக்கொள்ளும்படி செய்தார்.

இவர்களையெல்லாம் விட எனக்கு நெருக்கமானவர் மிருணாளினி முகர்ஜி. 1949இல் பிறந்து 2015இல் மறைந்த இந்தியக் கலைஞர். சணலைச் சாயம் தோய்த்து, முடிச்சு மேல் முடிச்சாகக் கையாலேயே போட்டு, ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் உருவங்களைச் செய்தார். 1984இல் செய்த யக்ஷி அவற்றில் ஒன்று. இடை சிறுத்து மார்பு பருத்த சிற்ப இலக்கணத்து யக்ஷி அங்கே இல்லை. மடிந்து, புடைத்து, தொங்கி, செடியா உடம்பா என்று சொல்ல முடியாதபடி நிற்கிறாள். பிள்ளை பெற்ற வயிறும் வயதான தோலும் தெய்வமாகலாம் என்பதைச் சணல் கயிறு சொல்லிவிட்டது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மாத்தளைப் பாதை ரயில் 1880இல் திறந்தது. மஹய்யாவ வழியாகத்தான் போகிறது. அந்த ரயிலில் கடைசி நிலையம் வரை போய், இன்னும் சிறிது தூரம் வடக்கே போனால் அலுவிகாரை. அந்த ஊர்க் குடும்பத்தைச் சேர்ந்த ஈனா டி சில்வா 1922இல் பிறந்து 2015இல் மறைந்தவர். 1960களில் ஓவியர் லக்கி சேனநாயக்க முதலியோருடன் சேர்ந்து, மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பத்திக்கை இலங்கையில் ஒரு நவீன கலையாக நிலைநிறுத்தினார். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் கூரைக்குப் பத்திக் விதானம் அமைத்தவர் அவர். பின்னாளில் அலுவிகாரைக்கே திரும்பி, கிராமத்துப் பெண்களுக்குப் பத்திக்கும் பூத்தையலும் தொழிலாக அமைய வழிசெய்தார். கண்டியிலேயே 1928இல் பிறந்த பார்பரா சன்சோனி, கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவுக்கூடத்துப் பெண்களுக்கு வண்ணம் வகுத்துக் கொடுக்கத் தொடங்கி, 1964இல் பெயர்ஃபுட் நிறுவனத்தை நிறுவினார். இந்த இருவராலும் துணியில் பெண்ணின் கண்ணும் கையும் மதிப்புப் பெற்றன. நூற்றுக்கணக்கான பெண்களுக்குச் சம்பளம் கிடைத்தது. ஆனால் வடிவம் தீர்மானித்தவரின் பெயர் நிலைத்தது, மெழுகு ஊற்றியவர்களின் பெயர் நிலைக்கவில்லை. பெரியவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் தொடங்கியதை நாம் முடிக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அவர்கள் வழியில் வந்த சந்தை வேறு விதமாகப் போனது. கண்டியில் சுற்றுலாப் பயணிகளுக்கான எந்தப் பத்திக் கடையிலும் நுழைந்து பாருங்கள். சுவரில் குடம் சுமக்கும் பெண், கொழுந்து கிள்ளும் பெண், சீகிரியாச் சித்திரத்துப் பெண். மூவருக்கும் ஒரே இடை. ஐந்தாம் நூற்றாண்டுச் சீகிரிய ஓவியன் வரைந்த மகளிரின் உடம்பைக் கொழுந்துக்காரிக்கும் மாட்டிவிட்டார்கள். மெழுகுப் பானையின் புகையில் நின்று அந்த இடையை வரைகிற பெண்ணின் இடுப்பு அப்படி இருக்க வழியில்லை என்பதை வாங்குகிறவரும் நினைப்பதில்லை, விற்கிறவரும் நினைப்பதில்லை.

கொழுந்துக்காரியின் உண்மையான துணி எது? மலையகத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். தலையில் கம்பளி, இடுப்பில் படங்கு. குளிருக்கும் மழைக்கும் என்று தோட்டத்தில் கொடுத்த முரட்டுக் கம்பளியின் விலை பற்றுக்கணக்கில் ஏறிச் சம்பளத்தில் கழியும். கூடைக்கயிறு தலையை அறுக்காமல் இருக்கக் கம்பளியை மடித்து வைப்பார்கள். பனித்தண்ணீர் ஊறிய தேயிலை மாறுகள் தொடையைக் கீறாமல் இருக்கப் படங்கைச் சேலைக்கு மேல் இறுக்கிக் கட்டுவார்கள். பழைய சேலைக்கோ ஓய்வே இல்லை. தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைமடுவத்தில் வரிசையாகத் தொட்டிலாகத் தொங்கும். கிழிந்ததும் மாதாந்தத் துணியாகும். அதைத் துவைத்து யார் கண்ணிலும் படாமல் லயன் வரிசை வீடுகளுக்குப் பின்னால் காய வைக்கப் பெண்கள் பட்ட பாடு தனிக்கதை. பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் சேலை வரும். ஒரு பெண்ணின் உடம்பு எதை எதைத் தாண்டி வந்தது என்பதை இந்தத் துணிகள் வரிசையாகச் சொல்லும். கடைசியில் பிறந்த வீட்டார் போர்த்தும் கோடிச் சேலையுடன் வரிசை முடியும். மஹய்யாவ மயானத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சேலைகளின் நிறம்கூட நினைவிருக்கும்.

இந்தத் துணி வரலாற்றிலிருந்து வரும் கலைஞர்கள் இப்போது பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் இக்கட்டுரையில் எனக்கு மிக மகிழ்ச்சியான செய்தி. ஹேமா சிரோனி 1991இல் கண்டியில் பிறந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்து, லாகூரில் மேற்படிப்பு முடித்தவர். வீடு விட்டு வீடு மாறிய குடும்பத்தின் நினைவை ஊசியாலும் நூலாலும் சொல்கிறார். வீடு, ஊர், மொழி, இடப்பெயர்வு எல்லாம் அவர் துணியில் தையலாகின்றன. பெண்ணுடம்பை நேராக வரைவதைவிட, அந்த உடம்பு குடியிருந்த இடங்களைத் தைப்பதே அவர் வழி. தையல் என்பது துணியைக் குத்துவதும் சேர்ப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும் வேலை. இடம்பெயர்ந்த பெண்ணின் கதைக்கு அதைவிடப் பொருத்தமான ஊடகம் இல்லை. ஹட்டனில் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம் தேநீர்க் கறையையும் தேயிலைப் பையையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கையைச் சொல்கிறார். தேயிலைப் பையும் ஒரு வகையில் துணிதான். அதில் படியும் கறை, தபால் அட்டை ஒருநாளும் காட்டாத உடம்பின் நிறம். இந்த இருவர் வேலையிலும் இடை அளவு என்ற பேச்சே எழவில்லை. உடம்பு பார்க்கப்படும் பொருளாக இல்லாமல், பட்டதை நினைவு வைத்திருக்கும் இடமாக இருக்கிறது. மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த நடைக்கு இணையான காரியத்தை இந்தக் கலைஞர்கள் துணியில் செய்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

தோட்டத்தை விட்டு வெளியேறிய பிள்ளைகள் போன இடம் கார்மன்ட். ஜனாதிபதி பிரேமதாச ஆட்சியில் 1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. பல்லேகலையில் கைத்தொழில் வலயம் அமைந்தது. உலகச் சந்தையில் உள்ளாடைக்குப் பெயர்போன நாடு இலங்கை. மெலிந்த, நிமிர்ந்த, வயதேறாத உடம்பு என்ற கனவை விற்கும் நிறுவனங்களின் ஆடைகள் நம் பெண்கள் கையால் தைக்கப்படுகின்றன. தைக்கிறவளுக்கு டார்கட் உண்டு. மலசலகூடத்துக்கு எழும்பவும் கணக்குப் பார்க்க வேண்டும். அவளைத் தெருவில் ஜூக்கி என்று கூப்பிட்டுச் சிறுமைப்படுத்திய காலமும் இருந்தது. பெண்ணுடம்பின் இலட்சியம் பற்றிப் பேசும் எந்தக் கண்காட்சியும் இந்தப் பெண்ணைக் கேட்காமல் நிறைவு பெறாது. தினமும் ஆயிரம் தடவை அந்த இலட்சியத்தின் விளிம்பை மடித்துத் தைப்பவள் அவள். அது எங்கே இழுக்கும், எங்கே பிரியும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

கண்டி மாநகரசபை 1865இல் உருவானது. இந்த நகரத்தைக் கூட்டித் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பவர்களின் குடும்பங்கள் மஹய்யாவவில் தலைமுறைகளாக இருக்கின்றன. அவர்களுடைய வலக்கைக்கு அரை அங்குலம் கூடுதலாக விடும் அந்த அக்காவின் கொப்பியை நான் ஒரு கலைப்படைப்பாகவே பார்க்கிறேன். கலைக்கூடத்தில் நான் பார்த்த எதற்கும் அது குறைந்ததில்லை. உடம்பு துணிக்கு ஏற்றபடி மாற வேண்டும் என்று கேட்காமல், துணியை உடம்புக்கு ஏற்றபடி மாற்றியவர் அவர்.

கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், ஒரு லயன் வீட்டிலேயே, தோட்டத் தொழிலாளருக்கான நூதனசாலை 2007 முதல் இருக்கிறது. கண்டிச் சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைத்தது. பாட்டியின் கம்பளியோ, அம்மாவின் படங்கோ, தொட்டில் கட்டிய சேலையோ உங்கள் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். யார் உடுத்தியது, எந்தத் தோட்டம், எந்த வருசம், தைத்தது யார் என்று ஒரு தாளில் எழுதி, மடிப்புக்குள் வைத்துக் கொடுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் வீட்டிலேயே வையுங்கள், ஆனால் அந்தத் தாளை மட்டும் எழுதாமல் விடாதீர்கள்.